கரையில் முளைத்த புல்

ரசமட்டத்துக்கு ஒரு வியாதி உண்டு. கோணலாக எதைப் பார்த்தாலும் கை பரபரக்கும். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட, உட்கார்ந்த பெஞ்சு ஆடினால் குனிந்து ஒரு அட்டையை மடித்துக் காலுக்கடியில் சொருகிவிட்டுத்தான் செத்துப்போனவரைப் பற்றிப் பேச ஆரம்பிப்பான். கொத்தனார்கள் குமிழியைப் பார்த்துத் தளம் சரிபார்க்கிற கருவியின் பெயரைச் சுரங்கத்து ஆட்கள் அவனுக்கு வைத்தது சும்மா இல்லை. மண் தள்ளுகிற டோசரில் ஏறி உட்கார்ந்துவிட்டால் எந்த மேடானாலும் இழைத்துவிடுவான். அவன் போட்ட லாரி ரோட்டில் டீ டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு போகலாம், சிந்தாது என்பார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனால் அவன் காதில் விழும்படி யார் சொன்னாலும் அவன் மறுத்ததில்லை.

அந்தப் பெருமையில் பாதியைத் தன் பங்காக எடுத்துக்கொண்டவள் அவனுடைய அக்கா. பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்தவனைக் காதைத் திருகிக் கூட்டிக்கொண்டுபோய் சுரங்கத்தில் கிளீனராகச் சேர்த்துவிட்டவளே அவள்தான். அவளுக்கும் அங்கேதான் வேலை. சுரங்கத்தின் தாழ்ந்த மூலையில் ஒரு தெளிகுளம். மழை பெய்தால் மேட்டிலிருந்து இறங்கும் கலங்கல் தண்ணீர் அதில் வந்து நின்று, மண்ணெல்லாம் அடியில் படிந்து, தெளிந்த பிறகுதான் மதகைத் திறந்து ஓடைக்கு விட வேண்டும். ஓடைத் தண்ணீரைக் கீழே இருக்கிற சனங்கள் குடிக்கிறார்கள். மதகுச் சாவி அவள் இடுப்பில். அவளை எல்லோரும் குளத்தக்கா என்றார்கள். அவளுக்கு ஒரு கல்யாணம் நடந்து, வந்த வேகத்தில் முடிந்தும் போயிருந்தது. தம்பியோடும் தம்பி பெண்டாட்டியோடும் கம்பெனி குவார்ட்டர்ஸில் இருந்தாள். தம்பி பெண்டாட்டி விதைக் கொட்டகையில் புல் விதை கலக்கிறவள். வாயைத் திறந்தால் வெடிதான் என்பதால் அவளுக்குப் பட்டாசு என்று பெயர்.

நிலக்கரி தீர்ந்துபோயிற்று. தோண்டினவனே மூட வேண்டும் என்பது சட்டம். கரிக்கு மேலே கிடந்த பாறையையும் வெளுத்த களிமண்ணையும் அங்கே ஓபி என்பார்கள். வருஷக்கணக்கில் மலை மாதிரிக் குவித்திருந்த அந்த ஓபியைத் திரும்பக் குழியில் கொட்டிச் சரிவாக்கி, அதன்மேல் மேல்மண்ணைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். மேல்மண் என்பது நிலத்தை எடுத்த அன்றே முதல் வேலையாகச் சுரண்டித் தனியாக வைத்திருந்தது. உயரமாகக் குவித்தால் உள்ளே காற்றில்லாமல் மண் செத்துப்போகும் என்று தாழ்வாக, நீளமாகக் குவித்து, மேலே புல்லை வளரவிட்டுக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அது ஓபியோடு கலந்துவிட்டால் பாலில் உப்பு விழுந்த கதைதான்.

கிழக்குச் சரிவு இருந்த இடம் ஒரு காலத்தில் ரசமட்டத்தின் அப்பாவுடைய நிலம். மழைக்காலம் முடிவதற்குள் சரிவில் புல் பிடித்து, குளத்துக்கு மண் இறங்காமல் நின்றால் நிலத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். நிற்காவிட்டால் இன்னும் எத்தனை வருஷம் இழுக்குமோ தெரியாது. குவார்ட்டர்ஸை இடிக்கப்போகிறார்கள் என்ற பேச்சும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே ஜன்னல் கம்பிகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா நிலத்தின் அடியோரத்தில் தோண்டாமல் விட்ட துண்டு ஒன்று இருந்தது. அங்கே வீடு, மேலே சரிவில் பயிர். மூன்று பேரும் ராத்திரி சாப்பிடும்போது பேசிப் பேசியே பாதி வீட்டைக் கட்டிவிட்டிருந்தார்கள்.

மண்ணைத் தவிர வேறு பேச்சு தெரியாததால் மண்ணு சார் என்று பெயர் வாங்கிய இன்ஜினியர் ஒருவர் இருந்தார். கிழக்குச் சரிவில் மேல்மண் பரப்பத் தொடங்கிய அன்று ரசமட்டத்தைக் கூப்பிட்டார்.

"இது ரோடு இல்ல, கேட்டுக்கங்க. மண்ணைக் கொட்டி லேசா பரத்திட்டு எறங்கிடுங்க. கட்டியும் முட்டியுமா கெடக்கட்டும். சும்மா சும்மா வண்டியை மேல ஏத்தாதீங்க."

"சரிங்க சார்."

சொல்லிவிட்டு மண்ணு சார் மனைவியின் பிரசவத்துக்காக லீவில் போய்விட்டார். ரசமட்டம் சரி என்றது மரியாதைக்கு. வீட்டுக்கு வந்ததும் பொங்கினான்.

"கட்டியும் முட்டியுமா விடறதுக்கு நான் எதுக்குக்கா? நாலு எருமையை உருள விட்டாப் போதாதா?"

"அவரு படிச்சவரு, சொல்லுவாரு. நாளைக்கு மேலதிகாரி வந்து பாத்து, யாருடா இந்த லட்சணமா வேலை செஞ்சதுன்னு கேட்டா உன்னைத்தான் காட்டுவாரு" என்றாள் அக்கா.

வேறு யாருடைய நிலமாக இருந்திருந்தால் ஒருவேளை சொன்னபடி விட்டிருப்பான். அது அப்பா நிலம். மண்ணைப் பரப்பினான், ஏறி இறங்கி அமுக்கினான், முன்னால் இருக்கிற பிளேடைத் தரையோடு ஒட்டிவைத்து வண்டியைப் பின்பக்கமாக ஓட்டி இழைத்தான். மற்றவர்கள் வேலை முடிந்து இறங்கின பிறகும் அவன் வண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. முடிந்த அன்று அக்கா டீ எடுத்துக்கொண்டு மேலே போனாள். வெயில் சாய்ந்து சரிவு முழுக்க ஒரே சீராகப் பளபளத்தது.

"எப்படிக்கா இருக்கு?"

"கண்ணாடிடா தம்பி. முகம் பாத்துத் தலை சீவலாம்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா சாகும்போது இந்த இடத்தில் ஒரு பெரிய பள்ளம்தான் இருந்தது. பள்ளத்தைப் பார்க்கப் பிடிக்காமல் கடைசி வருஷம் பூராவும் அவர் வேறு பக்கமாகச் சுற்றிக்கொண்டு நடந்தார். அதே இடத்தை அவர் பிள்ளை இப்படி ஆக்கிவிட்டானே என்று நினைத்தாள்.

மறுநாள் விதை தெளித்துவிட்டு வந்த பட்டாசு மட்டும் முகத்தைச் சுளித்தாள்.

"அண்ணி, வெதை மண்ணுல உக்கார மாட்டேங்குது. சிமெண்டுத் தரையில கடுகு கொட்டுன மாதிரி உருளுது."

"உனக்கு எதைப் பாத்தாலும் ஒரு குறை. அவன் எவ்வளவு பாடுபட்டு இழைச்சிருக்கான்."

"பாடுபட்டாரு, இல்லங்கல. வெதைக்கு அது தெரியணுமே."

மழை வந்தது. நல்ல மழை. குளத்தோரத்துக் கொட்டகையில் உட்கார்ந்து குளத்தக்கா வரத்துக் கால்வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக முதல் மழைக்கு ஓபி மேடுகளிலிருந்து வெளுத்த மஞ்சளாகத் தண்ணீர் வரும், பால் கூடிப்போன டீ மாதிரி. வடக்குக் கால்வாயிலும் மேற்குக் கால்வாயிலும் அப்படித்தான் வந்தது. கிழக்குக் கால்வாயில் வந்த தண்ணீர் கறுத்திருந்தது. அதுவும் இறங்கி வந்த வேகம் புதிது. மழை பிடித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, கால்வாய் குளத்தில் விழுகிற குழாயில் வாய் நிறையக் கொட்டியது.

ஒவ்வொரு மழைக்கும் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஜன்னலில் வைப்பது அவள் பழக்கம். எது எப்படித் தெளிகிறது என்று பார்த்துத்தான் மதகைத் தொடுவாள். அன்று கிழக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்துவிட்டு, தெளியத் தெளியப் பார்த்தாள். அடியில் படிந்தது ஓபி இல்லை. கறுப்பும் செம்மையும் கலந்த மாவு மாதிரி மண். சின்ன வயதில் அதைத் தின்று முதுகில் அடி வாங்கியவள் அவள். அவளுக்கா தெரியாது? அப்பா நிலத்து மேல்மண்.

மண்ணு சார் இல்லாத நேரத்தில் பொறுப்பிலிருந்த மேஸ்திரி குடையோடு வந்தார்.

"என்ன குளத்தக்கா, இந்தக் கலங்கு கலங்குது? எந்தப் பக்கத்து மண்ணு இது?"

"மேல ஓபி மேட்டுலேருந்துதான் வருது போல."

மேஸ்திரி தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அவள் சொன்னால் அவருக்கு வேதவாக்கு. இத்தனை வருஷத்தில் குளத்தைப் பற்றி அவள் சொன்ன முதல் பொய் அது.

ராத்திரி சாப்பாட்டுத் தட்டுகளுக்கு நடுவில் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தாள்.

"என்னது இது?" என்றான் ரசமட்டம்.

"நம்ம சரிவுலேருந்து வந்த தண்ணி."

"நம்ம சரிவுன்னு அதுல பேரு எழுதியிருக்கா?"

"நெறத்தைப் பாருடா."

"நின்னா எல்லாத் தண்ணியும் கறுப்பாத்தான் தெரியும். ஓபி மேடு அப்படியே கெடக்கு, அங்கேருந்து வந்திருக்கும்."

"ஓபி வெளுப்புடா. உனக்குத் தெரியாததா?"

"அப்ப என் வேலை சரியில்லங்கற."

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொல்றது? கண்ணாடின்னு சொன்னது யாரு? தலை சீவலாம்னு சொன்னது யாரு?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் வலித்தது.

"அக்காளும் தம்பியும் சேத்துத் தண்ணியை நடுவுல வச்சுக்கிட்டு நல்லா சண்டை போடுங்க" என்றாள் பட்டாசு. "அந்த முட்டையை மட்டும் இந்தப் பக்கம் தள்ளிட்டுப் போடுங்க."

அவன் பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அதற்குப் பிறகு வீட்டில் அக்காளும் தம்பியும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. எல்லாம் பட்டாசு வழியாகத்தான்.

"அவங்ககிட்ட சொல்லு, மழை வரும், குடையை எடுத்துட்டுப் போகச் சொல்லி."

"அவன்கிட்ட சொல்லு, குடையில ஓட்டைன்னு."

"நான் என்ன உங்க வீட்டு டெலிபோனா?" என்று பட்டாசு இரண்டு பக்கமும் பார்த்துக் கத்தினாள். "ஒரே ரூம்ல உக்காந்துக்கிட்டு இது ஒரு கூத்து!"

மத்தியான மழை நாள் தவறாமல் வந்தது. ஒவ்வொரு மழைக்கும் கிழக்குக் கால்வாய் கறுப்பாகக் கொட்டியது. தண்ணீர் கரை விளிம்பை நெருங்கியபோதும் குளத்தக்கா மதகைத் திறக்கவில்லை. மேல்தண்ணீரைக் கொஞ்சம் விடலாமே என்று மேஸ்திரி கேட்டதற்கு, "தெளியட்டும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். மணல் மூட்டைகளை இழுத்துக் கரையை உயர்த்தினாள். அப்பா மண் குளத்தில் கிடந்தாலும் கிடக்கட்டும், ஓடையில் போய்விட்டால் அப்புறம் எவன் கொண்டுவந்து தருவான்?

மழை இரண்டு வாரம் ஓய்ந்து, தண்ணீர் சற்று உள்வாங்கியது. அன்று மத்தியானம் பட்டாசு சாப்பாடு கொண்டுவந்தாள். டப்பாவைக் கொட்டகையில் வைத்துவிட்டுக் கை கழுவக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தண்ணீர் நின்று இறங்கின கோட்டில், குளக்கரை நெடுக, பச்சையாக ஒரு விளிம்பு கட்டியிருந்தது.

"அண்ணி, இது யாரு வெதைச்சது?"

"யாரு வெதைப்பா? களை. தண்ணி கண்ட எடத்துல முளைக்கும்."

பட்டாசு ஒரு பிடி பிடுங்கி உள்ளங்கையில் விரித்தாள்.

"களையா? இந்தச் செவப்புத் தண்டு, இந்த அகல இலை, இந்த ஊசி, மூணும் ஒண்ணா வேற எங்க முளைக்கும்? இது என் கையால கலந்த கலவை அண்ணி!"

சொல்லிவிட்டு, சாப்பாட்டை மறந்து மேட்டுக்கு ஓடினாள். திரும்பி வரும்போது ரசமட்டத்தைச் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"பாருங்க. மேட்டுல வெதைச்சேன், கரையில முளைச்சிருக்கு. உங்க கண்ணாடியில வழுக்கி எல்லாம் கீழ வந்து விழுந்துருச்சு."

அவன் குந்தி உட்கார்ந்து பார்த்தான். கொஞ்ச தூரம் தள்ளிப் போய் அங்கேயும் குந்தினான். குளத்தைப் பாதி சுற்றி வந்தான். பிறகு நேராகச் சரிவில் ஏறினான். அக்காளும் பட்டாசும் பின்னாலேயே போனார்கள். சரிவில் பேருக்குக்கூட ஒரு பச்சை இல்லை. பூட்ஸ் குதிகாலால் ஓங்கி மிதித்தான், தடம் விழவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து கவிழ்த்தான். ஒரு சொட்டு உள்ளே இறங்காமல் அவன் கண்ணெதிரே சரசரவென்று கீழே ஓடியது. ஓடின வழியில் கொஞ்சம் மண்ணையும் கூட்டிக்கொண்டு போயிற்று.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். இவன் போட்டுக்கொண்டது அப்பா மண். ரோடு போடுகிற கைக்கு மண் என்றால் ரோடுதான். அது அந்தக் கையின் குற்றம் மட்டும் இல்லை, அதைக் கொண்டாடின எல்லோருடைய குற்றமும்தான்.

"நான்தான்டா உன்னை ஏத்திவிட்டேன்" என்றாள் அக்கா. பல நாளைக்குப் பிறகு அவனிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு.

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. "மேஸ்திரி கேட்டதுக்கு என்ன சொன்ன?"

"ஓபி மேடுன்னு சொன்னேன்."

"எனக்காகவா?"

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"குளத்தைப் பத்தி நீ பொய் சொல்ல வேண்டாம்க்கா. என்னால நீ அப்படி ஆக வேண்டாம்" என்றான்.

மண்ணு சார் லீவு முடிந்து, தூக்கம் இல்லாத கண்ணோடும் பெண் குழந்தை பிறந்த சந்தோஷத்தோடும் வந்தார். அவர் நாற்காலியில் உட்காருவதற்குள் ரசமட்டம் போய் நின்றான். பின்னாலேயே அக்கா.

"சார், நீங்க சொன்னதை நான் கேக்கல. அழகா இருக்கட்டும்னு இழைச்சுட்டேன். மண்ணு குளத்துக்குப் போயிருச்சு. ஓபி மேடுன்னு அக்கா சொன்னது எனக்காகச் சொன்னது. அவங்க மேல தப்பு இல்ல."

மண்ணு சார் ஜன்னல் வழியாகச் சரிவைப் பார்த்தபடியே இருந்தார். கோபப்பட்டிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும்.

"மேல எவ்வளவு மிச்சம் இருக்கும்?"

"பாதிக்கு மேல இருக்கும் சார்."

"போனதுல ஓடைக்கு எவ்வளவு போச்சு?"

"ஒரு கூடைகூடப் போகல சார்" என்று அக்கா முன்னால் வந்தாள். "மதகை நான் தொடவே இல்ல. எல்லாம் குளத்துக்குள்ளதான் கெடக்கு."

மண்ணு சார் இப்போதுதான் திரும்பினார். "அப்ப மண்ணு தொலையல. எடம் மாறியிருக்கு, அவ்வளவுதானே?" சற்று யோசித்தார். "டோசர் பின்னாடி இருக்கற கொக்கியை எறக்கிக் கிழிக்கணும். மேலேருந்து கீழ இல்ல, சரிவுக்குக் குறுக்க. ஒவ்வொரு சாலும் ஒரே மட்டத்துல போகணும். துளி சாஞ்சாலும் தண்ணி அந்தப் பக்கமா ஓடி அறுத்துக்கிட்டுப் போயிரும். அவ்வளவு சுத்தமா இழுக்க ஆள் வேணுமே."

"அந்த ஆளைத்தான் சார் முன்னாடி நிறுத்தியிருக்கேன்" என்றாள் அக்கா.

மறுநாள் காலையில் ரசமட்டம் வண்டியை மேலே ஏற்றி, கொக்கியை இறக்கினான். முதல் சால் போய்க்கொண்டிருக்கும்போதே என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்து பார்த்தான். இழைத்த தரை பிளந்து, கட்டிகள் இரண்டு பக்கமும் புரண்டு கிடந்தன. தன் பிள்ளையைத் தானே அடித்துவிட்டவன் முகம்போல் இருந்தது அவன் முகம். வழியில் போன லாரிக்காரன் ஒருவன் வண்டியை நிறுத்தித் தலையை வெளியே நீட்டினான்.

"என்னய்யா ரசமட்டம், பன்னி மேஞ்ச காடு மாதிரி ஆக்கி வச்சிருக்க?"

அதைக் கேட்டுச் சரிவோரத்தில் நின்ற அக்காவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"ஆமா, மேயறதுக்கு ஒரு ஆள் குறையுது. எறங்கி வர்றியா?"

லாரிக்காரன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். ரசமட்டமும் சிரித்துவிட்டான். வண்டியில் ஏறி உட்கார்ந்தான். அதன்பிறகு நிறுத்தவில்லை. சரிவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, வளைகிற இடத்தில் வளைந்து, ஒரு சால்கூட ஒரு பக்கம் சாயாமல் இழுத்தான். கிட்டத்தில் பார்த்தால் அலங்கோலம்; தூரத்தில் குளக்கரையில் நின்று பார்த்தால் சீப்பு வாரின தலை. அந்த அலங்கோலத்துக்குள்ளும் ஒரு ஒழுங்கை வைக்காமல் அவனால் இருக்க முடியவில்லை.

குளத்தக்கா தெளிந்த மேல்தண்ணீரை மட்டும் மதகு வழியாகப் பார்த்துப் பார்த்து ஓடைக்கு விட்டாள். கிழக்குக் குழாய் வாயடியில் படிந்திருந்த கறுத்த சேற்றை மட்டும் வாரிக் கரையில் காயப்போட்டு, லாரியில் ஏற்றிச் சரிவுக்கே அனுப்பினார்கள். கூடையோடு நின்று அதைச் சால்களில் தூவினவர்களில் மேஸ்திரியும் இருந்தார். பொய் சொன்னதற்கு அவர் அவளை ஒரு வாரம் முறைத்துவிட்டு மறந்துபோனார். பட்டாசு மறுபடி விதை தெளித்தாள். "இப்பதான் அண்ணி வெதை உள்ள போயி வசதியா உக்காருது" என்றாள்.

பிறகு காத்திருந்தார்கள். மழை இல்லை. வேண்டாத நாளெல்லாம் வந்த மழைக்கு வேண்டிய நாளில் ஆளைக் காணோம். வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம். இந்தத் தடவையும் மண் இறங்கினால் மூன்றாம் தடவை பரப்ப மண் கிடையாது, நிலமும் கிடையாது.

ஒரு மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்து கொட்டியது. குளத்தக்கா ஓட்டைக் குடையோடு கிழக்குக் கால்வாய்க் குழாய்க்கு முன்னால் போய் நின்றாள். வடக்கிலும் மேற்கிலும் மஞ்சளாகத் தண்ணீர் பாய்ந்து வந்து குளத்தில் விழுந்தது. கிழக்குக் குழாயில் ஒன்றுமில்லை. கொஞ்சம் பொறுத்தாள். இன்னும் ஒன்றுமில்லை. மேலே எங்காவது அடைத்துக்கொண்டு, ஒரேயடியாக உடைத்துக்கொண்டு வரப்போகிறதோ என்று நினைத்தாள். குனிந்து குழாய்க்குள் கையை விட்டுப் பார்த்தாள். இரண்டு சருகு, ஈரம், அவ்வளவுதான். குடையை அங்கேயே போட்டுவிட்டு மேட்டைப் பார்த்து ஓடினாள்.

சரிவில் ஏறும்போதே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு சாலிலும் தண்ணீர் நின்றது. இந்தச் சாலில் நின்றது அடுத்த சாலுக்குப் போகவில்லை; நின்ற இடத்திலேயே குமிழி விட்டுக்கொண்டு மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே டோசரின் கேபினுக்குள் ரசமட்டம் சரிவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு பட்டாசு வண்டிப் படியில் நின்று, திரும்பிப் பார்க்கச் சொல்லி அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"வந்துச்சாக்கா?" என்றான், திரும்பாமலே.

"வரல."

"கலங்கலா வந்துச்சா?"

"கலங்கலும் வரல, தெளிஞ்சதும் வரல. ஒரு சொட்டு வரலடா! எல்லாம் இங்கதான் நிக்குது. எறங்கிப் பாருடா தம்பி."

அவன் இறங்கினான். கணுக்கால்வரை உள்ளே போயிற்று. காலை இழுத்தான், கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. அடுத்த காலும் அப்படியே. வெறுங்காலோடு சேற்றில் நின்றுகொண்டு அவன் அழுதான். மழையில் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருப்பான் போலிருக்கிறது. அக்காவுக்குத் தெரிந்தது. அவளும் அழுதாள். அப்பா போன அன்றைக்குக்கூட அவர்கள் இருவரும் இப்படிச் சேர்ந்து நின்று அழவில்லை.

"அழுதது போதும்" என்றாள் பட்டாசு. "வீட்டை எங்க வைக்கப் போறோம்? அதைச் சொல்லுங்க மொதல்ல."

ரசமட்டம் சேற்றுக் கையை நீட்டி, அடியோரத்தில் தோண்டாமல் விட்ட துண்டைக் காட்டினான். அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வீட்டுத் தரையை வழவழன்னு இழைச்சுக் குடு தம்பி. உன் ஆசையெல்லாம் அங்க தீத்துக்க. இந்தப் பக்கம் வண்டியோட வந்த, சாவியைப் பிடுங்கிருவேன்."

"வாசல் கிழக்க பாத்து வைக்கணும்" என்றான் அவன்.

"கிழக்க வச்சா காலையில வெயில் மூஞ்சியில அடிக்கும்" என்றாள் பட்டாசு.

"குளத்தைப் பாத்து வைங்க, எனக்கு வீட்டுலேருந்தே மதகு தெரியும்" என்றாள் குளத்தக்கா.

மழை நிற்கிற மாதிரித் தெரியவில்லை. இல்லாத வீட்டின் வாசலுக்காக மூன்று பேரும் சேற்றில் நின்று நனைந்தபடி வெகு நேரம் சண்டை போட்டார்கள்.